கிர்ஸ்டனின் காரில் குறைத்த நூறு கிலோ

நான் ஓய்வு பெற்ற வெள்ளிக்கிழமை பின்னேரம், கிரின்ஸ்டெட் கராஜில் காப்பியும் கேக்கும் வைத்தார்கள். பேச்சு ஒன்றும் இல்லை. டென்மார்க்கின் இந்தப் பக்கத்து ஆட்கள் பிரியாவிடைக்குப் பேசமாட்டார்கள். தோளில் ஒரு தட்டு, பிறகு இன்னொரு துண்டுக் கேக். வேலைக்கு வந்து நாலு மாதமான மெட்டே என்ற மெக்கானிக் பெண் மட்டும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். எங்கள் கராஜில் புதிதாகச் செய்த எந்தப் பாகத்துக்கும், செய்தவரைத் தவிர இன்னொருவர் பார்க்கும்வரை பெயின்ற் அடிக்கக்கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. வேறு கராஜ்களில் அப்படி இல்லையே, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். பழைய முதலாளி ஸ்வென் கொண்டுவந்தது என்று யாரோ சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் யாரால் கொண்டுவந்தார் என்பது அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது. நான் கேக்கை வாயில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அது சரியாகப் படவில்லை. அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுத வருவது தமிழில்தான். மெட்டேக்கு என் மகள் டெனிஷில் சொல்லட்டும்.

என் பெயர் அன்ரன். மன்னாரில் வள்ளத்து எஞ்சின்களும் மீன் லொறிகளும் திருத்தியவன். டென்மார்க்குக்கு வந்து, முகாமில் இருந்து, மொழி படித்து, கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பஸ்ஸை நம்பி வேலைக்குப் போக முடியாது. பழைய கார் ஒன்று வாங்கினேன். அது அடிக்கடி நின்றது. தொழிற்சாலைக் கார் தரிப்பிடத்திலேயே அதைத் திருத்தினேன். அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் கார்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஒருநாள் நெட்டையான ஒரு மனிதர் வந்து, நான் ஒரு கார்பரேற்றரைக் கழற்றிப் பூட்டுவதை அரை மணித்தியாலம் நின்று பார்த்தார்.  நான் முடித்த பிறகு குனிந்து, நிலத்தில் ஏதாவது ஆணி மிஞ்சிக் கிடக்கிறதா என்று தேடினார். கிடக்கவில்லை. தன் கராஜ் எங்கே இருக்கிறது என்று சொல்லி, திங்கட்கிழமை வரச் சொன்னார். அவர்தான் ஸ்வென்.

டெனிஷில் எல்லாருக்கும் ‘நீ’தான், முதலாளிக்கும். அது என் வாயில் வர ஒரு வருசம் போனது. ‘சேர்’ என்று கூப்பிட்டால் அவர் திரும்பமாட்டார். ‘ஸ்வென்’ என்றால் திரும்புவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது பிழை விட்டால், அந்தப் பாகத்தை மேசையில் வைத்து, முக்காலியை இழுத்துப் போட்டு, அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பிழை விட்டவர் தானாக வந்து பக்கத்தில் இருக்கவேண்டும். அதைவிட அவர் இரண்டு வார்த்தை ஏசினால் நல்லது என்று எங்களுக்குத் தோன்றும்.

எங்கள் கராஜுக்குப் பாதி வருமானம் பழைய அமெரிக்கன் கார்களில்தான். டென்மார்க்கின் மேற்கில், எங்கள் யூலண்ட் பக்கத்தில், அந்தக் கார்ப் பைத்தியம் நிறையப் பேருக்கு உண்டு. நீள மூக்கு, எட்டு சிலிண்டர் எஞ்சின், கதவைச் சாத்தினால் வீடே சாத்தியது போல ஒரு சத்தம். அவற்றைச் செய்த காலத்தில் இரும்பை யாரும் அளந்து போடவில்லை. பலர் அப்படியே மினுக்கி வைத்துக்கொள்வார்கள். சிலர் பழைய விமானத்தளங்களில் நடக்கும் நேர்கோட்டு ஓட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். நானூறு மீற்றர் தூரம், ஒரு தடவைக்கு இரண்டு கார்கள், நேரம் செக்கன் கணக்கில். அவர்களுக்குத்தான் நாங்கள் நிறை குறைத்துக் கொடுப்போம்.

ஸ்வென்னுக்கு அதில் ஒரு முறை இருந்தது. கார் உள்ளே வந்ததும் ஒருவரும் ஸ்பானர் தூக்கக்கூடாது. முதலில் நாலு சில்லுக்கும் கீழே நாலு தராசு. டாங்கி நிறையப் பெற்றோல். ஓட்டுகிறவரின் நிறைக்கு மண் மூட்டைகள் இருக்கையில். நாலு சில்லும் எவ்வளவு சுமக்கின்றன என்று தனித்தனியாக எழுதிய பிறகுதான் வேலை. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்து, சுவரில் இருந்த பலகையில் சோக்கால் எழுதுவார். அதற்குப் பதிலாகப் பூட்டுவதன் நிறையைப் பக்கத்தில் எழுதுவார். பற்றரியை முன்னாலிருந்து பின்னுக்கு மாற்றினால் அதை அந்தப் பலகையில் எழுத விடமாட்டார், அது குறைத்தது இல்லை, இடம் மாறியது என்பார். முன்பக்கம் நிறை குறைந்தால் கார் மூக்கைத் தூக்கும். அதற்கு ஸ்பிரிங் மாற்றவேண்டும், பிரேக் சரிபார்க்கவேண்டும், விளக்கைக்கூடத் தாழ்த்தவேண்டும். இதெல்லாம் முடியும்வரை கார் வெளியே போகாது.

எந்தப் பாகத்தில் கை வைத்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான். இது என்ன சுமக்கிறது? ஒன்றும் சுமக்கவில்லை என்றால் கழற்றலாம். வேறு எதையாவது சுமந்தால், அதை இனி யார் சுமப்பது என்று சொல்லவேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் தொடக்கூடாது. இந்த முறையில் பத்து வருசத்துக்கு மேல் வேலை செய்தேன். கடைசியில் நிறை குறைக்கிற காரென்றால் அன்ரனிடம் விடு என்று ஸ்வென்னே சொல்லத் தொடங்கினார். அந்தச் சொல் எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன்.

கிர்ஸ்டன் ஒடென்சே நகரத்தில் பஸ் ஓட்டுகிற பெண். அப்போது ஐம்பது வயது இருக்கும். கிழமை முழுக்கத் தரிப்பிடத்துக்குத் தரிப்பிடம் நின்று நின்று பஸ் ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை, எழுபதுகளின் தொடக்கத்தில் செய்த சிவப்பு அமெரிக்கன் காரில் அந்த நானூறு மீற்றரை ஓடுவார். அவருடைய மிகச்சிறந்த நேரம் பதினாலு செக்கனுக்குக் கொஞ்சம் மேலே. பதினாலுக்குக் கீழே ஒரே ஒருமுறை போனால் போதும் என்று சொன்னார். ஸ்வென் தாளில் கணக்குப் போட்டு, எஞ்சினைத் தொடாமல் நூறு கிலோ வரை குறைத்தால் நடக்கலாம் என்றார்.

வேலையைத் தொடங்கினோம். பழைய குளிரூட்டி இயந்திரமும் அதன் குழாய்களும் மட்டும் முப்பது கிலோ வந்தது. எஞ்சினை மூடும் இரும்புப் பொனற்றுக்குப் பதிலாகக் கண்ணாடியிழைப் பொனற். எஞ்சின் மேலே இருந்த வார்ப்பிரும்புக் குழாய்த் தொகுதிக்குப் பதிலாக அலுமினியம். புகை போகும் வார்ப்பிரும்புக் குழாய்களுக்குப் பதிலாக மெல்லிய உருக்குக் குழாய். சத்தம் அடக்கக் காரின் நிலத்தில் ஒட்டியிருந்த தார்த் தகட்டை உலர்பனிக்கட்டி போட்டு விறைக்க வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினேன். அது கண்ணாடி போல நொறுங்கி வரும், இரண்டு நாள் அந்த வேலை. ஓட்டுகிறவரின் பெரிய கதிரைக்குப் பதிலாக ஓட்டப்பந்தயக் கதிரை. எல்லாம் சேர்த்துப் பலகையில் தொண்ணூற்றொரு கிலோ நின்றது.

அந்த நேரம் ஸ்வென்னுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை. மூன்று கிழமை வரமாட்டார். போகும்போது, பட்டியலில் இருப்பதை முடி, வேறொன்றும் செய்யாதே என்று சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை கிர்ஸ்டன் கார் பார்க்க வந்தார். தொண்ணூற்றொன்று என்று சொன்னேன். நல்லது, அது போதும் என்றார். யாரும் என்னைக் கேட்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை. இதை நான் தெளிவாக எழுதவேண்டும். எனக்குத்தான் அந்தப் பலகையில் நூறு என்று எழுத ஆசை.

ஐந்து கிலோவை ஒன்றும் சுமக்காத சாமான்களில் எடுத்தேன். கம்பளம், பின்கதிரையின் கம்பிச் சட்டம், சில்லறைகள். இன்னும் நாலு வேண்டும். புதுக் கதிரையைக் காரின் நிலத்தோடு பூட்டும் இரண்டு உருக்குத் தாங்கிகள் இருந்தன. அவற்றை அலுமினியத் தகட்டில் நானே செய்தேன். வளைக்க வசதியாக வளைவை இறுக்கமாகப் போட்டேன். நிறை இன்னும் குறைய, அந்த வளைவுக்குப் பக்கத்திலேயே துளைகளும் போட்டேன். பூட்டி ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. பிறகு இரண்டுக்கும் கறுப்புப் பெயின்ற் அடித்தேன். மற்ற உருக்குப் பாகங்களும் கறுப்பு. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பலகையில் நூறு என்று எழுதினேன்.

ஸ்வென் ஊன்றுகோலோடு திரும்பி வந்து பலகையைப் பார்த்தார். மிச்சம் ஒன்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கம்பளமும் சில்லறையும் என்று சொன்னேன்.  குனிந்து பார்க்க அவரால் அப்போது முடியாது. மேலே ஒன்றும் கேட்கவில்லை.

ஓட்டம் நடந்த ஞாயிறு நல்ல வெயில். கிர்ஸ்டனுக்கு உதவிக்கு நான் கராஜ் வானில் போயிருந்தேன். அங்கத்தைய பரிசோதகர் ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டு வந்தார். கதிரையைக் கையால் ஆட்டினார், வார்களை இழுத்தார், தலையாட்டிவிட்டு அடுத்த காருக்குப் போனார். முதல் ஓட்டம் சரியாகப் புறப்படவில்லை. இரண்டாவது ஓட்டத்தில் நேரம் அச்சடித்த துண்டை வாங்கிப் பார்த்தால், பதின்மூன்று புள்ளி ஒன்பது ஆறு. கிர்ஸ்டன் தலைக்கவசத்தோடேயே என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்குக் கன்னம் நொந்தது. அவர் அன்றைக்கு அதோடு நிறுத்தத் தயார். போதுமா, இன்னுமொருக்கா போகட்டா என்று என்னிடம் கேட்டார். நான், இன்னுமொருக்கா என்றேன்.

மூன்றாவது ஓட்டம். பச்சை விளக்கு விழுந்ததும் கார் பின்பக்கம் குந்திக்கொண்டு பாய்ந்தது. முப்பது மீற்றர்கூடப் போயிருக்காது. கண்ணாடிக்குள் தெரிந்த தலைக்கவசம் பின்னுக்குச் சரிந்து காணாமல் போனது. கார் இடப்பக்கம் இழுத்து, புல்லுக்குள் இறங்கி, அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளில் முட்டி நின்றது. கதிரை சரிந்தபோது கிர்ஸ்டனின் கால், வேகம் கொடுக்கும் மிதியிலிருந்து விலகியது. அது விலகியதால்தான் உயிர் தப்பியது. ஆனால் கை ஸ்டியரிங்கை விடவில்லை. சில்லு புல்லில் இறங்கி ஸ்டியரிங் சுழன்றபோது இடது மணிக்கட்டு முறிந்தது.

நான்தான் முதலில் ஓடிப்போனேன். கிர்ஸ்டன் அரைவாசி படுத்தபடி, தலைக்கவசத்துக்குள் வெள்ளையான முகத்தோடு இருந்தார். அழவில்லை. அவர் கேட்ட முதல் வார்த்தை இது.

“அன்ரன், அசைஞ்சது கதிரையா, நானா?”

“கதிரை,” என்றேன்.

அம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. காரை இழுவை வண்டியில் ஏற்றும்போது, ஒருவரும் பார்க்காத நேரத்தில் அந்தத் தாங்கிகளைக் கழற்றினேன். ஒன்று துளையோடு சேர்ந்து இரண்டாக உடைந்திருந்தது. சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கராஜில் பழைய உருக்குத் தாங்கிகள் இருந்தன. அவற்றைப் பூட்டிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியவராது. வீடு வந்து சேரும்வரை அந்த யோசனைதான்.

என் மனைவி மேரி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். பையைக் கழுவ எடுத்தவர் உள்ளே இருந்ததைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதிரையைப் பற்றியோ காரைப் பற்றியோ கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு எந்தக் கை என்று கேட்டார். இடது என்றேன். அவ பஸ் ஓட்டுறவ எல்லோ என்றார். ஓம் என்றேன். கொஞ்ச நேரம் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பாமலே சொன்னார்.

“நாளைக்கு ஸ்வென்னிட்டைச் சொல்லிப்போட்டு வீட்டை வாங்கோ. சொல்லாட்டில் வராதேங்கோ.”

திங்கட்கிழமை காலை, ஸ்வென் கதவைத் திறக்கும்போதே நான் வாசலில் நின்றேன். உடைந்த துண்டுகளை மேசையில் வைத்தேன். அவர் வழமைபோல முக்காலியை இழுத்தார். ஊன்றுகோலைச் சுவரில் சாத்தி, உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, உடைந்த விளிம்பைப் பார்த்தார். பக்கத்தில் போய் இருந்தேன். வெடிப்பு எங்கே தொடங்கியது என்று விரலால் காட்டினார். வளைவு இறுகிய இடத்தில், துளையின் ஓரத்தில். முதல் ஓட்டத்திலேயே தொடங்கியிருக்கும் என்றார். உடைந்த பரப்பில் பாதி மங்கலாகவும் பாதி புதிதாக மின்னிக்கொண்டும் இருந்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் எவ்வளவு கிழிந்தது என்பதை அதில் வாசிக்கலாம்.

இது என்ன சுமந்தது என்று கேட்டார். கிர்ஸ்டனை என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிழை எல்லாருக்கும் வரும், துளையை எங்கே போடுவது என்று தெரியாமல் போட்டிருக்கலாம் என்றார். பிறகு கறுப்பு மேற்பரப்பை நகத்தால் சுரண்டினார். உள்ளே வெள்ளி மாதிரி அலுமினியம் தெரிந்தது.

“இதுக்கு ஏன் பெயின்ற் அடிச்சனி?”

சுரண்டிய இடத்தைப் பார்த்தபடி சொன்னேன்.

“நீ பார்க்கக்கூடாது எண்டு.”

அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார். அன்றைக்கு வேலைச் சட்டைக்கு மாற என்னை விடவில்லை. என்னை வான் ஓட்டச் சொன்னார், இருவருமாக ஒடென்சேக்குப் போனோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம்.  கிர்ஸ்டனின் வீடு மூன்றாம் மாடி. ஸ்வென் வானிலேயே இருந்துவிட்டார். இடுப்போடு படி ஏற முடியாது என்றார். அது மட்டும்தான் காரணமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கிர்ஸ்டன் கதவைத் திறந்தார். கை கட்டுப்போட்டுத் தொங்கியது. நான் வாசலில் நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். உள்ளே வந்து சொல் என்றார். குசினிக் கதிரையில் இருந்தபடி தொடக்கத்திலிருந்து சொன்னேன், நூறு என்று எழுத ஆசைப்பட்டதையும், பெயின்ற் அடித்ததையும், இன்னுமொருக்கா என்று சொன்னதையும். அவர் ஒற்றைக் கையால் காப்பி போட்டார். பால் பெட்டியைத் திறக்க முடியாமல் என் பக்கம் தள்ளினார். திறந்து கொடுத்தேன்.

“எனக்குக் கோபம்,” என்றார். “இண்டைக்கு உன்னை மன்னிக்க மாட்டன். காப்பியைக் குடி.”

குடித்தேன். ஸ்வென்னுக்கும் ஒரு கோப்பையில் ஊற்றி, கீழே கொண்டுபோய்க் கொடு என்று தந்துவிட்டார்.

காப்புறுதிக்காரர்களுக்கு நடந்ததை எழுதிக் கையெழுத்து வைத்தேன். கிர்ஸ்டனை ஐந்து மாதம் பஸ் ஓட்ட விடவில்லை. பஸ் கம்பனிக் கந்தோரில் இருத்தி, பஸ்ஸில் குடையும் கையுறையும் தொலைத்தவர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்ல விட்டார்கள். அதை அவர் எவ்வளவு வெறுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஸ்வென் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் ஒரு வருசம், எதையாவது சுமக்கிற பாகம் ஒன்றையும் நான் தனியாகச் செய்யக்கூடாது என்றார். கழற்றலாம், தேய்க்கலாம், பூட்டலாம். செய்வதென்றால் அவர் கண்முன்னால். இருபது வருசம் மெக்கானிக்காக இருந்தவனுக்கு அது சின்ன விசயமில்லை. மற்றவர்கள் காரணம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தக் கிழமைதான் பெயின்ற் பற்றிய சட்டத்தை ஒரு தாளில் எழுதி, பெயின்ற் அலுமாரிக் கதவில் ஒட்டினார்.

அடுத்த வசந்தத்தில் கிர்ஸ்டன் ஸ்வென்னுக்குத் தொலைபேசி எடுத்தார். கதிரைத் தாங்கியைத் திரும்ப உருக்கில் செய்யவேண்டும், அதை அன்ரன் செய்யவேண்டும் என்றார். ஸ்வென் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், அவருக்கே அது விளங்கவில்லை என்று தெரிந்தது. அவர் முக்காலியில் இருக்க, நான் செய்தேன். பூட்டிய பிறகு கதிரையின் முதுகில் சங்கிலி போட்டு, பாரம் தூக்கும் கப்பியால், மனித நிறையைப் போல பல மடங்கு பின்னால் இழுத்து, அப்படியே விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனோம். திரும்பி வந்து அளந்தோம். ஒரு மில்லிமீற்றரும் அசையவில்லை.

கிர்ஸ்டன் வந்து, டோர்ச் லைற்றோடு காரின் நிலத்தில் படுத்துப் பார்த்தார். பெயின்ற் இல்லாத வெறும் உருக்கு. ஒவ்வொரு வெல்டிங்கையும் பெருவிரலால் தடவினார். கால் மணித்தியாலம் பார்த்திருப்பார். எழும்பிக் கையைத் துடைத்துவிட்டு, இப்ப எவ்வளவு என்று கேட்டார். தொண்ணூற்றாறு என்றேன்.

அந்த வருசம் முதல் ஓட்டத்தில் அவருடைய நேரம் பதினாலு புள்ளி பூச்சியம் ஒன்று. துண்டைப் பார்த்துவிட்டு நான், ஒன்றும் சுமக்காத இடம் ஏதாவது பார்த்து நாலு கிலோ எடுக்கலாம் என்று தொடங்கினேன். அவர் தன் வயிற்றில் தட்டினார்.

“அந்த நாலு கிலோவை நான் குறைக்கிறன். நீ சும்மா இரு.”

அவர் குறைக்கவில்லை. ஆனாலும் ஓகஸ்ட் மாதம் ஒருநாள், காற்று நல்லாய் இருந்ததோ என்னவோ, பதினாலுக்குக் கீழே மறுபடியும் போனார். அன்றைக்கு நானும் ஸ்வென்னும் புல்லில் மடக்குக் கதிரை போட்டு இருந்தோம்.

மன்னித்துவிட்டேன் என்று கிர்ஸ்டன் ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு வருசம் கழித்து ஒரு சனிக்கிழமை, அவர் சாதாரணமான ஒரு பழைய குடும்பக் காரில் வந்து இறங்கினார். மகளுக்குப் பிள்ளை பிறந்து எட்டு மாதம், பிள்ளையையும் கொண்டுவந்திருந்தார். பின்கதிரையில் குழந்தைக் கதிரை வைக்கவேண்டும். அந்தக் காரில் அதற்குப் பூட்டும் இடம் இல்லை, துளைத்துப் பூட்டவேண்டும். ஸ்வென் முன்னாலேயே நின்றார். கிர்ஸ்டன் அவரைத் தாண்டி வந்து சாவியை என் கையில் வைத்தார்.

நிலத்துக்குக் கீழே தடித்த உருக்குத் தகடு போட்டு, அளந்து, துளைத்து, பூட்டினேன். மத்தியானமாகிவிட்டது. ஸ்வென்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கீழேயும் மேலேயும் பார்த்துவிட்டு, சரி என்றார். கிர்ஸ்டனுக்கு டோர்ச் லைற்றை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக் கதிரையில் இருத்தி, வாரைப் பூட்டி, ஒடென்சேக்கு ஓட்டிக்கொண்டு போனார்.